கோணலைத் திருப்பி அனுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் நானும் அப்பாவும், முழங்கால்கள் நீங்கலாக, சுகம். உன் சுகத்துக்குத் தினமும் அவனிடம் சொல்லிவைக்கிறேன்.

வரிகளை நேராக்க நீ அனுப்பிய ஸ்கிரிப்டை நம் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரார்த்தனை புரோகிராமில் ஓட்டினேன். எல்லா வரியும் நாலு நாலு இடம் தள்ளிச் சீராக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ ஆறாம் வகுப்பு படிக்கையில் ஒரே நாற்காலியில் நாம் இருவரும் ஒண்டிக்கொண்டு எழுதியதல்லவா? புத்தகம் பார்த்துக் கற்றவள் நான், இடைவெளிக் கட்டையை நாலு முறை எண்ணித் தட்டுவேன். நீயோ டேப் கட்டையில் ஒரே குத்து; "எண்ணிக்கிட்டே இரும்மா, விடிஞ்சிடும்" என்பாய். அப்பா குறுக்கே புகுந்து மூன்று இடம் விடுவார். வரி தொடங்கும் இடத்தைப் பார்த்தாலே தட்டியது யாரென்று தெரியும். இப்போது முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதுபோல் இருக்கிறது.

அதோடு போயிற்றா? சொந்தக்காரர் பதினேழு பேருக்கும் காலையில் "உங்களுக்காக வேண்டிக்கொண்டோம்" என்று செய்தி போகுமே, அதில் மாமாவுக்கு மட்டும் இரண்டு வரி கூடுதல். "மாத்திரை போட்டீர்களா" என்பது நான் எழுதியது, "இந்தக் கோபம் தணியட்டும்" என்பது நீ எழுதியது. எட்டு இடம் தள்ளி நிற்கும் வரி மாமாவுக்கு மட்டும், நாலு இடம் என்றால் எல்லாருக்கும் என்பது கணக்கு. உன் டேப்பை நம் பழைய கம்ப்யூட்டர் எட்டு இடமாக எடுத்துக்கொள்ளும்; உன் ஸ்கிரிப்ட் நாலாக்கிவிட்டது. உன் வரி மாமாவை விட்டு வெளியே நகர்ந்து பதினேழு பேருக்கும் போய்விட்டது! அத்தை போனில், "எனக்கா அண்ணி கோபம்? நான் எப்ப கோபப்பட்டேன்? சொல்லுங்க! சொல்லுங்கன்னா சொல்லுங்க!" என்று கத்தியதில் காது இன்னும் அடைத்திருக்கிறது. குரலே உயர்த்தாத பெரியம்மா மட்டும் மெதுவாக, "முப்பது வருஷமா அடக்கி வெச்சிருக்கேன், உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?" என்றார்.

உன் வரியை நானே உள்ளே தள்ளிவிட்டேன், அதை விடு. ஆனால் ஸ்கிரிப்ட் பழையதன் மேலேயே எழுதிவிட்டதால், நாம் மூவரும் தட்டிய கோணல் என்னிடம் இல்லை. நீ எடுத்துப்போன பிரதி இருக்கும். கடிதம் கண்டதும் அனுப்பு, ஒரு நாளும் தாமதிக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவன் உன் கூடவே இருப்பான்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: அனுப்பாதே. கடிதத்தை மடிப்பதற்குள் அப்பா வந்து உட்கார்ந்து, நினைவிலிருந்தே வரிகளைக் கோணலாக்கத் தொடங்கிவிட்டார். "இது அவ தட்டினது." "இல்லைங்க, நான்." "உனக்கு என்ன தெரியும், அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல், என் மடியில உக்காந்து தட்டினா." பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொல்கிறார். நீ போனபின் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. இன்னும் அறுபது வரி பாக்கி இருக்கிறது.