வீட்டின் மேல் மறுபடியும் விமானம் விடக் கோரி

தாஷ்கண்ட்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனன், வானத்தில் வருவோர் போவோருக்கெல்லாம் வழி சொல்லும் அதிகாரி இல்ஹோமுக்கு, அத்தான் துர்சுன்பாய் எழுதுவது. நான் நலம். உன் கோபுரத்துக் கண்ணாடியில் பனி படியாமலும், உன் காதில் விழும் விமானிகளின் குரல் பணிவாகவும் இருக்கப் பிரார்த்திக்கிறேன். உன் அக்கா மக்புபாவும் நலம் என்றுதான் நினைக்கிறேன். ஏன் நினைக்கிறேன் என்று சொல்கிறேன் என்றால், அவள் இங்கே இல்லை. சமர்கண்டில் நம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குக் காரணம் நீ.

கோபப்படாமல் படி. போன வசந்தத்தில் நீ இங்கே வந்து, தட்டில் வெள்ளரிக்காயை ஓடுபாதையாகப் படுக்கவைத்து, பாதாம்பருப்பை விமானமாக ஓட்டி எனக்குப் பாடம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? "விமானம் காத்தை எதிர்த்துத்தான் இறங்கும் அத்தான். கிழக்கேருந்து காத்தடிச்சா உங்க தலைக்கு மேல வரும். மேற்கேருந்து அடிச்சா அந்தப் பக்கமா இறங்கும். தூரத்துலேயே எல்லாத்தையும் ஒரே கோட்டுல வரிசையா சேத்து, ஒண்ணொண்ணா இறக்கறோம். இனிமே உங்க வீட்டைத் தாண்டினப்புறம்தான் அந்தக் கோட்டுலயே சேப்போம். நிம்மதியாத் தூங்குங்க!" என்று சொல்லிவிட்டு விமானத்தையும் தின்றாய். மஹல்லாவில் எங்கள் தெருவே ஆடு வெட்டிக் கொண்டாடியது. உன் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கை ஏந்தி துவா செய்தார்கள்.

அப்புறம் அமைதி வந்தது, மைத்துனா. முதலில் குருவிச் சத்தம் கேட்டது, சந்தோஷப்பட்டோம். அப்புறம் பக்கத்து வீட்டு நிஃமத்தின் குறட்டை கேட்டது. அவனுக்கு நாங்கள் பேசுவது கேட்டது. அவன் மாமியார் பற்றி நான் சொன்னதும் கேட்டது. மஹல்லாத் தலைவர் வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதாயிற்று. காதோடு காதாகப் பேச இந்தத் தெருவில் யாருக்குமே பழக்கமில்லை. ஆயுசு முழுக்கக் கத்தியே பேசியவர்கள் நாங்கள்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். உன் அக்கா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது என் அம்மா முன்னால் வாய் திறக்க முடியாது. அம்மாவுக்குப் பாம்புச் செவி. அந்தக் காலத்து, மூக்கில் விசிறி சுழலும் விமானங்கள் மல்பெரி மரத்து உச்சியை உரசுவதுபோல் வரும். ஜன்னல் எல்லாம் கடகடக்கும். அந்த இரைச்சலில்தான் அவள் என்னிடம் பேசுவாள். அவள் எனக்குச் சொன்ன முதல் அன்பு வார்த்தையை நான் காதால் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துப் படித்தேன். விமானம் போனதும் ஒன்றும் தெரியாதவள்போல் மாவு பிசைவாள். இப்போது எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு இளகுகிறது.

பிற்காலத்தில் சண்டையும் அப்படித்தான். இரண்டு பேரும் உச்சத்துக்குப் போகும்போது மேலே ஒருவன் வந்துவிடுவான். வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். அவன் போனதும், "என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்பேன். "ஞாபகமில்ல, விடுங்க" என்பாள். நாற்பது வருஷத்தில் ஒரு சண்டைகூட முடிவு வரைக்கும் போனதில்லை.

போன வாரம்தான் முதல்முறையாக முடிந்தது. நான் செய்த பலாவ் சோற்றில் கேரட்டைத் தடியாக வெட்டிவிட்டேன் என்றாள். "வெட்டத் தெரியாதவன் கையில கத்தி எதுக்கு? எங்கப்பா வெட்டினா நூல் மாதிரி இருக்கும்" என்றாள். நான், "உங்கப்பாவா? உன் தம்பி கல்யாணத்துல அவரு போட்ட பலாவ் சோத்துல..." என்று ஆரம்பித்து, வழக்கம்போல் வானத்தைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. நாக்கு நிற்கவில்லை. "...அரிசியே வேகல! ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு!" என்று முடித்துவிட்டேன். உன் கல்யாணம்தான் மைத்துனா. உனக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அவள் கிண்ணம் தளும்பத் தளும்ப டீ ஊற்றி என் முன்னால் வைத்தாள். நிறைய ஊற்றினால் நம் ஊரில் என்ன அர்த்தம்? குடித்துவிட்டு எழுந்து போ. வீடு என்னுடையது, நான் எங்கே போவது? அவளே போய்விட்டாள்.

போனில் கெஞ்சினேன். "அந்த வீட்டுல இப்ப நீங்க பேசறது பூராவும் கேக்குது. முன்னாடி பாதிதான் கேக்கும். அந்தப் பாதியோடதான் நான் குடும்பம் நடத்தினேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

விமான அலுவலகத்துக்கே போனேன். ஜன்னலில் இருந்த பெண், "சத்தம் வேண்டாம்னு சொல்றவங்க இந்த வரிசை, பெரியவரே" என்றாள். "சத்தம் வேணும்மா" என்றேன். பின்னால் நின்றவர்கள் என்னை அடிக்க வந்துவிட்டார்கள்.

ஆகவே கேட்கிறேன்: எல்லாவற்றையும் திருப்ப வேண்டாம். மாலையில் ஒன்று போதும், சாப்பாட்டு நேரத்துக்கு. சின்னதாக இருந்தாலும் சரி, சரக்கு விமானமாக இருந்தாலும் சரி. அவள் இல்லாத வீட்டில் பலாவ் வயிற்றில் இறங்க மாட்டேன் என்கிறது.

உன் தாடி வெண்மையாகும்வரை வாழ்ந்து, உன் கையில் இறங்குகிற ஒவ்வொருவரும் முழுசாகத் தரை தொட்டு வீடு சேர அல்லாஹ் அருளட்டும். பிள்ளைகளின் நெற்றியில் முத்தம்.

அத்தான் துர்சுன்பாய்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் உன் அக்கா வந்துவிட்டாள். "ரொட்டி கொண்டாந்தேன், உங்களுக்காக வரல" என்றாள். வந்ததும் திராட்சைக் கொடி ஏன் காய்ந்து கிடக்கிறது என்று ஆரம்பித்தாள். நானும் பதில் சொன்னேன். ஏறிக்கொண்டே போயிற்று. மறுபடியும் உங்கப்பா என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பயத்தில் கையைத் தூக்கி, "இரு, விமானம் வருது" என்றேன். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, அது எங்கள் தலையைத் தாண்டிப் போகிற நேரம்வரை காத்திருந்தாள். உதடு மட்டும் என்னவோ சொல்லிற்று. நான் படித்துவிட்டேன், உனக்குச் சொல்ல மாட்டேன். அப்புறம், "போயிடுச்சு. உக்காருங்க, சாப்பிடலாம்" என்றாள்.

விமானங்களை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடு, மைத்துனா. எங்களுக்கு வேண்டியதை நாங்களே விட்டுக்கொள்கிறோம்.