டைனமோவின் டெஸ்ட்

மேற்கு மாம்பலத்தில் காசு கொடுத்துத் திட்டு வாங்க ஒரே இடம்தான் உண்டு. கார் எலெக்ட்ரீஷியன் டைனமோவின் ஷெட். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டவனையும் அவர் திட்டிவிட்டதால் இன்றுவரை அது யாருக்கும் தெரியாது. ஓடும் காரில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகத்தை ஊரே ஆல்டர்நேட்டர் என்று சொன்னாலும் அவர் மட்டும் டைனமோ என்பார். அதுவே பெயராகிவிட்டது.

போன வருஷம் என் மனைவி சாந்திக்கு அடையாறில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை. ஒரு நாள்கூட தவறக்கூடாது என்றார் டாக்டர். ஆட்டோவில் குலுங்கினால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும் அவளுக்கு. எங்கள் பழைய காரின் பின்சீட்டில் படுக்க வைத்துத்தான் அழைத்துப் போவேன். அந்த நேரம் பார்த்தா அந்தச் சனியன் பிடித்த கார் காலை வாரவேண்டும்? சிகிச்சை முடிந்து திரும்பும்போது நந்தனம் சிக்னலில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி செத்தது. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

எப்படியோ ஷெட்டுக்கு இழுத்துப் போனேன். டைனமோ பானெட்டைத் திறந்ததுமே ஆரம்பித்தார். "இன்னா சார் இது, காரா, காயலான் கடையா? பேட்டரிக்கு சார்ஜே ஏறல. வயசான டைனமோ, பூட்ச்சு!"

புது ஆல்டர்நேட்டரை மாட்டினார். அப்புறம் அவருடைய பிரசித்தி பெற்ற டெஸ்ட். என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பட்டென்று பிடுங்கினார். வண்டி நிற்காமல் ஓடியது.

"பாத்தியா? பேட்டரியே இல்லாம ஓடிக்கினு கீது! இதான் நம்ம வேலை!"

எதிர் டீக்கடையில் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

அந்த வாரமே மறுபடி சிவப்பு விளக்கு. மறுபடி புது ஆல்டர்நேட்டர், மறுபடி டெஸ்ட், மறுபடி கைதட்டல். அடுத்து கோட்டூர்புரம் பாலத்தில் நின்றது. கொளுத்தும் வெயிலில் சாந்தி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அன்றைய சிகிச்சை தவறிப்போனது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

"நீ ஓட்ற லட்சணம் அப்டி சார்! டைனமோ மேல இன்னா தப்பு?" என்றார் அந்த மகானுபாவர்.

செத்த ஆல்டர்நேட்டரைத் தூக்கிக்கொண்டு, அதை விற்ற கடைக்கே போனேன். கடைக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஓடுற வண்டியில பேட்டரி வயரைக் கழட்டினீங்களா? அந்தக் காலத்து டைனமோ தாங்கும் சார், இது தாங்காது. வோல்டேஜ் எகிறி உள்ள இருக்கிறதெல்லாம் வெந்துடும்."

அடப்பாவி! மாட்டின கையாலேயே இரண்டையும் கொன்றிருக்கிறார். நேராக ஷெட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"யோவ், ஓடுற வண்டியில வயரைப் புடுங்கி நீ கைதட்டு வாங்குறதுக்கு என் பொண்டாட்டி நடுரோட்டுல கெடக்கணுமாய்யா? இன்னொரு நாள் தவறினா நீயா வந்து வைத்தியம் பாப்ப?"

டைனமோ திருப்பித் திட்டாமல், செத்த ஆல்டர்நேட்டரை என்னிடமிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தார். டீக்கடையே எழுந்து நின்று அந்த அதிசயத்தைப் பார்த்தது. திடீரென்று கையிலிருந்த ஸ்பேனரை விட்டெறிந்தார்.

"டேய் டைனமோ, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்காடா, கஸ்மாலம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்றாவது ஆல்டர்நேட்டரை மாட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் வலது கை பேட்டரி வயரிடம் போனது. இடது கையால் அந்தக் கைமேலேயே ஓங்கி ஒன்று போட்டார். மீட்டரை வைத்துப் பார்த்து, "ஏறுது" என்று மட்டும் முனகினார்.

மறுநாள் நந்தனம் தாண்டும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் ஸ்கூட்டரில் டைனமோ! கால்களுக்கு நடுவே சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரி. எங்களை உரசிக்கொண்டு வந்த பஸ்காரரைக் கிழித்துக்கொண்டிருந்தார். "யோவ், வண்டில ஒடம்பு முடியாத பொம்பள கீது, கண்ணு தெர்ல?"

மருத்துவமனை வாசலில், ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். என் மேலேயே பாய்ந்தார்.

"நான் இன்னாத்துக்கு உன் பின்னாடி வரணும்? எனக்கு அடையார்ல வேலை கீது!"

சிகிச்சை முடியும்வரை அவருக்கு தினமும் அடையாறில் வேலை இருந்தது. வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. பின்சீட்டில் படுத்தபடி அந்தத் திட்டுகளைக் கேட்டுக் கேட்டு சாந்தி சிரிக்க ஆரம்பித்தாள்.

இப்போது தேறிவிட்டாள். ஆனாலும் அவ்வப்போது, "ஏங்க, வண்டியில ஏதோ சத்தம் வருது, டைனமோகிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமா?" என்பாள்.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.