மாதா வந்த நேரத்தில் நின்றுபோன அப்கிரேடு

சேசு மரி சூசை

பனைமரத்தொட்டி, இராயபுரம்.
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி ஜோபினுக்கு,

அக்கா ஜூடி எழுதுவது. உன் கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் அங்கே அலை அடங்கியிருக்கட்டும் என்று தினமும் செபத்தில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அத்தானுக்குச் சளி இறங்கிவிட்டது. சின்னவள் காலாண்டுத் தேர்வில் கணக்கைத் தவிர எல்லாவற்றையும் நன்றாக எழுதியிருக்கிறாள். ஜன்னலில் கரித்தூசி வழக்கம்போல. நான் துடைக்கிறேன், அது திரும்ப வருகிறது, இருவருக்கும் சலிப்பில்லை. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

"கம்ப்யூட்டர் போச்சு" என்று நான் அனுப்பியதற்கு நீ போட்ட பதில் இது: "போச்சுன்னா இன்னா போச்சு? ஷிப்டை அமுக்கிப் புடி, மெனு வரும், அதுல ரெக்கவரி எடுத்துப் பாரு. வர்லன்னா மொதல்லேர்ந்து நடந்தத ஒன்னு விடாம எய்து. நீயா எதையும் முக்கியம் இல்லன்னு வுட்றாத." அதோடு உன் கப்பல் சிக்னலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். எந்தத் துறைமுகத்தில் உனக்கு சிக்னல் கிடைக்கிறதோ அங்கே எல்லாம் மொத்தமாக உன் தலையில் விழும். முழுவதையும் படித்துவிட்டுப் பதில் போடு. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பவள விழா மலர் உள்ளே உயிரோடு இருக்கிறதா, இல்லையா.

மலர் பற்றி உனக்குத் தெரியும். நம் சிற்றாலயத்துக்கு எழுபத்தைந்து வருஷம் ஆகிறது, ஆயர் வருகிறார், பங்கில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். ஃபாதர் பீடத்திலிருந்தே அறிவித்தார், "தொகுப்பு, திருமதி ஜூடி ஆண்ட்ரூ" என்று. வரலாறு படித்தவள் நான், ஜோபின். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்புக்கு ஒருவரும் ஒரு வேலை கொடுத்ததில்லை. ரேஷன் கடையில் படிவம் நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் அந்த அறிவிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் வழியில் மீன் வாங்க மறந்துவிட்டேன். அத்தான் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். ஆறு மாதமாகக் குடும்பம் குடும்பமாக எழுதி வாங்கி, தட்டச்சு செய்து, பக்கம் கட்டி வைத்திருந்தேன். வரும் சனிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும். ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வை என்று நீ சொன்னாய். எடுத்தேன். எடுத்ததைக் கம்ப்யூட்டரிலேயே இன்னொரு ஃபோல்டரில் வைத்தேன். பென் டிரைவ் தொலைந்துவிடும் என்று பயம்.

இப்போது நடந்தது. போன விடுமுறையில் நீ விண்டோசை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். வைரஸ் வராது, பழைய மெஷினிலும் ஓடும் என்றாய். இரண்டும் உண்மை. வைரஸ் வரவில்லை, சீரியல் செட் வந்தது. அதற்கு வருகிறேன். கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் ஒரு பெட்டி வந்து நின்றது, இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடியப்போகிறது, புதியதற்கு மாறுங்கள் என்று. நீயாக இருந்தால் மூடிவிட்டு டீ குடிப்பாய். எச்சரிக்கை என்று எங்கே எழுதியிருந்தாலும் அது எனக்காகத்தான் எழுதியது என்று நினைக்கும் பிறவி நான். ரயிலில் அபாயச் சங்கிலிக்குப் பக்கத்து சீட்டில் கூட உட்கார மாட்டேன். போன வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் பள்ளியில், வீடு அமைதி, சரி என்று அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது. தட்டினால் திரையில் ஒரு புள்ளி கூட விழவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று எதிர்வீட்டிலிருந்து வேறொன்று வாங்கி வந்து மாட்டினேன், அதிலும் விழவில்லை, கடைசியில் கோபத்தில் என்டரைத் தட்டினேன், கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு உள்ளே போய்விட்டது. அது அப்படித்தானாம். இதை நீ முன்பே சொல்லியிருக்கலாம். பிறகு ஒரு வரி வந்தது: இது பல மணி நேரம் ஆகலாம், நடுவில் நிறுத்தக் கூடாது. உடனே ஒரு அட்டையில் "தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதி மானிட்டர் மேல் ஒட்டினேன். என் பக்கம் தவறு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்றைக்குத்தான் நம் வீட்டுக்கு மாதா வரும் முறை. அக்டோபர் மாதம் மாதா சுரூபம் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும், பக்கத்து வீடுகள் சேர்ந்த நம் அன்பியத்து சனம் முழுவதும் கூடிச் செபமாலை சொல்லும், உனக்குத் தெரியாததில்லை. ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள், அதற்குள் அப்கிரேடு முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம், வழக்கமாக அதனால் எல்லோரும் தாமதமாக வருவார்கள், அன்றைக்குப் பார்த்து அதே காரணத்துக்காக வேலைக்குப் போகாமல் எல்லோரும் சீக்கிரம் வந்துவிட்டார்கள். நான் அடுப்படியில் மசால்வடை போட்டுக்கொண்டிருந்தேன். அன்பியத் தலைவி ரோசி அக்கா மாதாவை உள்ளே கொண்டுவந்து, வீட்டில் உயரமாக ஒரே ஒரு மேசைதான் இருக்கிறது என்பதால், கம்ப்யூட்டர் மேசையிலேயே வைத்துவிட்டார். மானிட்டர் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று அதன் மேல் வெள்ளை லேஸ் துணி. என் அட்டை துணிக்குள்ளே. மாதாவைச் சுற்றி சீரியல் செட் லைட் போட வேண்டும், பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அத்தானுடைய சித்தப்பா இன்னாசி மாமாவைத் தெரியுமில்லையா, துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர், எந்த ஒயரைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. அவர் யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சீரியல் செட்டை மாட்டினார்.

அப்போதும் எதுவும் ஆகவில்லை, ஜோபின். யூபிஎஸ் தாங்கியது. தாங்கிக்கொண்டு கீங் கீங் என்று கத்தியது. சந்தில் லாரி ரிவர்ஸ் எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் வடையைத் திருப்பிப் போட்டேன். மூன்றாவது பத்து அருள்நிறை மந்திரம் ஓடும்போது சத்தம் நின்றது. லாரி போய்விட்டது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கேட்டால் இன்னாசி மாமா சொல்கிறார்: "நல்லா செபம் ஓடிகினு கீது, அது கீழ குந்திகினு கத்திகினு கீது. மாதாவுக்கு ஒரு மரியாத வோணாவா? அதான் பட்டனைத் தேடிப் புட்ச்சி அமுக்கிட்டேன். இன்னா, தாங்க்ஸ் கூட சொல்ல மாட்டேன்றே?"

மாதாவுக்காகச் செய்தது. திட்டினால் எனக்குத்தான் பாவம்.

எல்லோரும் போன பிறகு துணியை எடுத்துப் பார்த்தால் கருப்பு. யூபிஎஸ்ஸை மாட்டி ஆன் செய்தேன். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி ஓரிடத்தில் நின்றன. கடைசி வரியில் கர்னல் பேனிக் என்று இருந்தது. நான் பேனிக் ஆகலாம், வீட்டுக்கு ஒருத்தி போதும், இது ஏன் ஆகிறது? நீ சொன்ன மாதிரி ஷிப்டை அழுத்திப் பிடித்தேன், மெனு வந்தது. அட்வான்ஸ்டு என்றிருந்ததற்குள் போனேன். அங்கே பழையதும் புதியதுமாக இரண்டு பதிப்பு எண்கள், இரண்டுக்கும் கீழே ரெக்கவரி. மேலே இருப்பது புதியது, புதியதுதானே நல்லது என்று அதிலேயே ரெக்கவரி எடுத்தேன். மறுபடி அதே பேனிக். திரும்பத் திரும்ப அதையே செய்தேன். ஒரு தடவை செபம் சொல்லிவிட்டு, ஒரு தடவை சொல்லாமல்.

மறுநாள் கல்மண்டபத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஹுமாயூன் பாயைக் கூப்பிட்டு வந்தேன். நல்ல மனுஷன். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாக்கா, இதுல விண்டோசே இல்லியே. யாரு போட்டது இந்த பேஜார?"

"என் தம்பி, பாய். கப்பல்ல இன்ஜினியர்."

"கப்பல் ஓட்றவங்கோ கப்பல் ஓட்டணும். வுடு, பார்மேட் அட்ச்சி விண்டோஸ் போட்றேன். டீ சொல்லு, ஆறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"உள்ள இருக்கறது, பாய்?"

"உள்ள கீறது போவும். ஆனா மெசினு சோக்கா ஓடும்."

வேண்டாம் என்று மேசைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன். "அய்ய, நா இன்னா கொலையா பண்ணப் போறேன்" என்று சிரித்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

சரி, எழுதிக் கொடுத்த தாள்களை வைத்து மறுபடி தட்டச்சு செய்யலாமே என்று நீ கேட்பாய். கேட்காதே. ஒன்று விடாமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தட்டச்சு முடிந்ததே என்று அந்தத் தாள்களைத்தான் அன்று வடையில் எண்ணெய் வடிவதற்குத் தட்டில் விரித்தேன். ஒவ்வொரு குடும்பமும் அதனதன் வரலாற்றின் மேல் இருந்து வடையை எடுத்துத் தின்றுவிட்டுப் போனது. ஃபாதருக்கு இது தெரியாது. கோப்பு கொஞ்சம் சிக்கலில் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "நீங்க இருக்கும்போது எனக்கு என்னம்மா கவலை" என்றார்.

வேறு வழியில்லாமல் சனிக்கிழமையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எழுதினதை மறுபடி சொல்லுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்று. அங்கேதான் அடுத்த சிக்கல். முதலில் எழுதிக் கொடுத்ததையும் இப்போது வாயால் சொல்வதையும் ஒட்டவே முடியவில்லை. கோயில் மணியை எங்கள் தாத்தா நன்கொடை கொடுத்தார் என்று மூன்று குடும்பங்கள் எழுதியிருந்தன, நானும் மூன்றையும் பக்தியோடு தட்டச்சு செய்திருந்தேன். இன்னாசி மாமாவிடம் கேட்டால், "நன்கொடையாவது ஒன்னாவது. கழிச்சிக் கட்டின இழுவைப் படகுல சும்மா தொங்கினு கெடந்துச்சி. நாங்க நாலு பேரு சாக்குல சுத்தித் தூக்கியாந்தோம். கேட்ல இன்னா மூட்டைன்னான், பூசணிக்காய்ன்னேன்" என்கிறார். இதை ஆயர் கையில் கொடுக்கும் மலரில் எப்படிப் போடுவது?

ரோசி அக்கா வீட்டில் இன்னும் மோசம். முகத்துவாரக்குப்பத்திலிருந்து இங்கே வாழ வந்தவர். அவர் குடும்பப் பக்கத்தில் முன்பு என்ன இருந்தது என்பது எனக்கு மனப்பாடம்: "தொடக்கம் முதல் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாத பக்திமிக்க குடும்பம்." அதைச் சொன்னதும் மீன் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"அது எம் பொண்ணு எய்தினது. எம் பெரியவன கடலு கொண்டுகினு போனப்புறம் ரெண்டு வருசம் நா கோயில் பக்கமே வர்ல, தெரியுமா ஒனக்கு? மணி அட்ச்சா முதுகக் காட்டிகினு குந்திப்பேன். அப்போ இருந்த ஃபாதரு வருவாரு. கோயிலுக்கு வான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. வாசல்ல குந்திகினு கிழிஞ்ச வலைய எட்த்துக் கட்டுவாரு. ஒன்னும் தெரியாது அந்த மனுசனுக்கு, எல்லாம் தப்புத் தப்பா முடிச்சி. அவுரு போனதும் நா எய்ந்து வந்து அத்தினியும் அவுத்துப் போடுவேன். அத அவுக்கறதுக்குன்னே எய்ந்துப்பேன் போல, அந்தக் காலத்துல. எய்திக்க, எய்திக்க. அப்பால தப்பா எய்தினேன்னு சொல்லாத."

எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் வேறு வேலை ஓடவில்லை. ஆனால் இதையெல்லாம் வைத்து மலர் கட்ட முடியாது, ஜோபின். ஃபாதர் பாதியை அடித்துவிடுவார், மீதியைக் குடும்பத்தார் அடிக்க வருவார்கள். எனக்கு அந்தப் பழைய மலர்தான் வேண்டும். எல்லோரும் பக்தியாக இருக்கும் மலர். இந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு வேலை அது. சனிக்கிழமை நான் வெறுங்கையோடு அச்சகத்தில் நின்றால் பீடத்திலிருந்து சொன்ன பெயரை எந்த முகத்தோடு சுமப்பேன். எப்படியாவது அதை மீட்டுக் கொடு. யாரையாவது அனுப்பு, அல்லது என்ன அழுத்த வேண்டும் என்று ஒரு வரி போடு, அழுத்துகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இன்ஜின் ரூம் சூட்டிலிருந்து நேராக ஏசியில் போய் நிற்காதே. அத்தானும் பிள்ளைகளும் முத்தம் சொல்லச் சொன்னார்கள். இன்னாசி மாமா உன்னிடம் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கேட்டார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

என்றும் உன் நினைவாக,
அக்கா ஜூடி

பின்குறிப்பு: படம் பிடிப்பதற்கு முன் எதையாவது விட்டுவிட்டேனா என்று முதலிலிருந்து படித்தேன். மெனுவில் இரண்டு எண்கள் இருந்தன என்று நானே எழுதியிருக்கிறேன், ஆனால் கீழே இருந்த பழைய எண்ணை ஒரு தடவை கூட எடுக்கவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன். திறந்துவிட்டது. எழுத்துகள் கொஞ்சம் கோணலாகத் தெரிகின்றன, மற்றபடி மலர் அட்டை முதல் அட்டை வரை அப்படியே இருக்கிறது. ரோசி அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். "தொடக்கம் முதல் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாத" என்று இருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஷட் டவுன் செய்துவிட்டு, பிளக்கையும் நானே பிடுங்கிவிட்டேன். நோட்டில் இருப்பதைத்தான் அச்சகத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், பூசணிக்காய் உட்பட. அதனால் நீ யாரையும் அனுப்ப வேண்டாம். சிக்னல் கிடைத்ததும் ஃபாதருக்கு ஒரே ஒரு செய்தி போடு: பார்த்தேன், மீட்க வழியே இல்லை, அக்கா மேல் தவறில்லை என்று. பொய்க்கு நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கொள்கிறேன். மலர் வெளிவந்த பிறகு, வேறு கோயிலில்.