புரட்டாசிச் சனியும் லேடியின் எள்ளுருண்டையும்

அடுத்தவன் வீட்டுச் சட்டியை மோந்து பார்க்கிறவனுக்கு, பெருமாள் ஒரு நாள் அவன் வீட்டுச் செம்பையே மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டுவார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் படித்ததே தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான். பட்டதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இலங்கை மலைநாட்டில், றொசல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்துப் பசனைக்கு அப்போது நான்தான் தலைவன். புரட்டாசி பிறந்துவிட்டால் மாதம் முடியும்வரை லயத்தில் யாரும் கவுச்சி தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு. அதைக் காப்பாற்ற நான் அந்தியில் தாளத்தோடு காம்பரா காம்பராவாகப் போய் மூக்கை நீட்டுவேன். (இப்போது நினைத்தால் எனக்கே என்னை இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.) முந்தின வருடம் பக்கத்துக் காம்பரா பெருமாயி கருவாடு சுட்டதைப் பிடித்து, எல்லாரும் பார்க்கச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்ற வைத்தேன். அவள் ஏற்றிவிட்டுப் போனாள்.

எங்களிடம் ஒரு பெண் நாய் இருந்தது. பெயர் லேடி. நான் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தபோது, சீமைக்குக் கப்பலேறிய பெரிய துரை என்னிடம் விட்டுப் போனது. அவர் அதற்குக் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்றே ஒன்று: தின்ன ஏதாவது வேண்டுமென்றால் எதிரே உட்கார்ந்து, கை குலுக்க வலது காலைத் தூக்கி நீட்டும். லயத்தில் யாரும் யாரோடும் கை குலுக்குவதில்லை. லேடி எல்லாரோடும் குலுக்கியது.

வயதான பிறகு அதற்கு மூத்திரம் நிற்காமல் போயிற்று. வேண்டுமென்று பெய்வதில்லை, தூக்கத்தில் தானாக ஒழுகும். விழித்ததும் நனைந்த சாக்கைப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் மழையில் நிற்கும். லேடி படுப்பது இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில். எங்கள் இஸ்தோப்பும் பெருமாயி இஸ்தோப்பும் ஒரே தரை. நடுவே சுவர் கிடையாது, சரிவு அவள் பக்கம். விடிந்தால் அவள் வாசற்படியில் குளம். ஒரு வருடம் பொறுத்தவள், கடைசியில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டாள்.

"புரட்டாசி முடியிற வரைக்கும் பாப்பேன்," என்றார் அவர். "நிக்கலைன்னா வாட்சர துவக்கோட அனுப்பிச் சுடச் சொல்லுவேன். நின்னுச்சா இல்லையான்னு பெருமாயியத்தான் கேப்பேன், உன்னைய இல்ல."

படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் எள்ளுருண்டை கொடுப்பார்கள். பிள்ளைக்கு ஆவது நாய்க்கு ஆகாதா என்று, தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் யோசனை கேட்கப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"கிழட்டு நாய். நரம்பு தளர்ந்து போச்சுது," என்றார். "எள்ளு குடும். பூசணி விதையும் இடிச்சுப் போடும். உடம்புக்குப் பெலன் வேணும், கொஞ்சம் மீனெண்ணெய் தாறன், அதையும் சேரும். சுகம் வருமெண்டு நான் சொல்லேல்லை, கண்டீரோ."

மீனெண்ணெய். புரட்டாசியில். என் வீட்டில்.

வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். மனைவி தங்கம் கொழுந்தெடுக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் இடித்து உருட்டி, ஒரு மூடிபோட்ட செம்பில் வைத்து, பெருமாள் படத்துக்குப் பின்னால் ஒளித்தேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். சாம்பிராணி வாசம் மற்ற வாசத்தை அமுக்கிவிடும். (பக்தனுடைய மூளை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.) தினமும் அந்தியில் ஒன்று கொடுப்பேன். லேடி உட்கார்ந்து, கை குலுக்கி, வாங்கித் தின்னும்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நனைவது குறைந்தது. கடைசிச் சனிக்கு முன்னால் நான்கு நாள் சாக்கு காய்ந்தே கிடந்தது. பெருமாயியே தங்கத்திடம் வந்து, "பாவம், தேறிக்கிச்சு. கண்டாக்கையா கேட்டா நின்னுபோச்சுன்னு சொல்லிர்றேன்," என்றாள். நான் பெருமாளுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

கடைசிச் சனிப் பசனைக்குப் பிரசாதமும் எள்ளுருண்டைதான். எங்கள் சட்டி சிறியது என்று, தங்கம் பெருமாயியின் பெரிய சட்டியை வாங்கி எள்ளு வறுத்தாள். பெருமாயி அந்த மாதம் சனி தவறாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். அவள் மகளுக்கு இரண்டு தரம் கரு கலைந்திருந்தது. மூன்றாவதாவது தங்க வேண்டும் என்று வேண்டுதல்.

கீழ் லயத்திலிருந்தும் சனம் வந்துவிட்டது. பிரசாதம் போதாது என்று தேடிய தங்கம், படத்துக்குப் பின்னால் செம்பைக் கண்டு, சாமிக்கென்று நான் தனியாக எடுத்து வைத்தது என நினைத்து, தட்டில் கொட்டிவிட்டாள். எனக்குத் தெரியாது. விரதக்காரிக்குத்தான் முதலில் என்று, என் கையாலேயே பெருமாயிக்குக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். நான் அடுத்த இரண்டு பேருக்குக் கொடுப்பதற்குள், மென்றுகொண்டிருந்த அவள் வாய் நின்றது.

"அண்ணே, கவுச்சி அடிக்குதுண்ணே."

"எனக்குந்தான் அடிக்குது," என்றான் இன்னொருவன். "எள்ளு யாரு சட்டியில வறுத்தது?"

"பெருமாயி சட்டி. கருவாட்டுச் சட்டியில நாத்தம் லேசுல போவுமா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். செம்பிலிருந்த உருண்டை தட்டுக்கு வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் என் மானம் போகும். நான் தாளத்தை எடுத்து அடுத்த பாட்டைத் தொடங்கினேன். (ஆமாம். பாடினேன்.)

இரண்டாவது அடி முடியவில்லை. இஸ்தோப்பிலிருந்து லேடி உள்ளே வந்தது. சனத்தை விலக்கிக்கொண்டு வந்து தட்டை மோந்தது. என் எதிரே உட்கார்ந்து வாலை ஆட்டி, தினமும் செய்வதுபோல வலது காலைத் தூக்கி நீட்டியது.

தங்கம் மெதுவாகக் கேட்டாள். "இந்தாங்க, அந்தச் செம்புல இருந்தது என்னா?"

சொன்னேன். பின்னால் ஒருத்தன் சிரித்தான். பிறகு லயமே சிரித்தது. பெருமாயி சிரிக்கவில்லை. எழுந்து தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். அவள் வாய் கொப்பளிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் கண்டாக்கையா கேட்டார். "என்ன பெருமாயி, நாய்க்கு நின்னுபோச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்கய்யா."

நின்றுவிட்டது ஐயா, ஆறு நாளாகச் சாக்கு காய்ந்து கிடக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை பேச வேண்டிய இடத்தில் பாடியவனுக்குத் திங்கட்கிழமை நாக்கு எழவில்லை.

வாட்சர் வந்தபோது லேடி அவர் எதிரே உட்கார்ந்து காலை நீட்டியது. அவர் துவக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பிடித்துக் குலுக்கினார். பிறகு மலைக்குக் கூட்டிப் போனார்.

குழி தோண்டிக்கொண்டிருந்தேன். பெருமாயி லேடியின் சாக்கை மடித்து எடுத்துவந்து நீட்டினாள். "இதையும் போட்டுருங்கண்ணே. காஞ்சுதான் கெடக்கு," என்றாள்.

அந்த வருடமும் அவள் மகளுக்குப் பிள்ளை தங்கவில்லை. என்னால்தான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் பலகாரத் தட்டைத் தூக்கினாலும், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வலது கையை நீட்டுகிறார்கள். தங்கம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பசனையில் இப்போது பிரசாதம் கொடுப்பது பெருமாயி. எனக்குக் கடைசியில்தான் கொடுப்பாள்.

"மோந்து பாத்துட்டுத் தின்னுங்கண்ணே."

லயம் சிரிக்கும். நான் மோந்து பார்த்துவிட்டுத் தின்பேன். நான் விழுங்கும்வரை அவள் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.