யார் வீட்டு மூக்கு?

தொட்டிலைக் கண்டால் குனியாமல் போகமாட்டாத மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைச் சாயல்காரர் என்று அழைப்போம். பிறந்து மூன்று நாளான சிசு கண் திறக்கவே சோம்பல்படும். அதற்குள் நெற்றியைத் தம் அப்பாவுக்கும், மூக்கைத் தமக்கும், காதுமடலைக் கடல் தாண்டி வந்த முப்பாட்டனுக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்வார்கள். நல்லதெல்லாம் தம் வீட்டுச் சொத்து. அழுகை, சளி, வயிற்றோட்டம்? சம்பந்தி வீட்டுச் சீதனம்.

இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற கங்காணி இராமையா இந்த வகையில் முதல் தரம். தவறே செய்யாதவரும்கூட. இளைய மகள் நாகலெட்சுமியின் நிச்சயத்துக்குப் பச்சைச் சேலை எடுக்க அட்டன் நகருக்குப் போனார். வீட்டில் பிரித்துப் பார்த்த பெண்கள் செக்கச்செவேலென்று இருக்கிறது என்றார்கள். கடைக்கார மஃறூப் மாற்றிக் கட்டிவிட்டார் என்று ஒரு வாரம் திட்டினார்.

அந்த நிச்சயமே இப்போது ஆட்டங்கண்டது. மாப்பிள்ளை அழகுமுத்து, மூத்த மகள் ராக்காயியின் கொழுந்தன். ராக்காயியின் மகன் பள்ளிக்கூடத்தில் தேயிலைச் செடி வரைந்து சிவப்பு வண்ணம் தீட்டினான். சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான் என்று தெரிந்ததும் சாயல்காரர் தீர்ப்புச் சொன்னார்.

"அது அப்பன் வீட்டுக் கோளாறு. அந்த ரத்தத்துல இன்னொரு பொண்ணக் குடுக்க மாட்டேன். அழகுமுத்த வேற எடம் பாக்கச் சொல்லு."

நாகலெட்சுமி அழவில்லை. மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர் குணரத்தினம் மாஸ்டரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்து மாஸ்டர் தேநீரை ஆறவிட்டுச் சொன்னார்: "ஐயா, எங்கட உயிரணுவுக்குள்ளை நிறமூர்த்தம் எண்டு நூல் மாதிரி இருக்கு. பரம்பரைக் குணமெல்லாம் அதிலைதான் வருது. இந்தக் குறை பெடியனுக்குத் தகப்பனிட்ட இருந்து வராது. தாய் குடுத்ததிலைதான் வரும். தாய்க்குக் கண் வடிவாத் தெரியும். ஆனா அவவின்ர தகப்பனிட்ட இருந்து அது வந்திருக்கலாம்."

"அவ தகப்பன்னா?"

"நீங்கள்தான், ஐயா."

"நானா? முப்பது வருசம் மலையில நின்னு பச்சக் கொழுந்து பாத்தவன்யா நான்!"

நாகலெட்சுமி மிளகாய் முறத்தை அவர் பக்கம் தள்ளினாள். "பழுத்தத மட்டும் பொறுக்கிக் குடுங்கப்பா."

கம்பீரமாக ஐந்து எடுத்தார். மூன்று பச்சை.

அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடமாக அவருக்கு நிறம் பார்த்துத் தலைப்பாகை எடுத்துக் கொடுப்பவள் அவள்தானே! "பாவங்க, அந்தச் சேலக்கடை மஃறூப் நானா" என்றாள்.

சாயல்காரர் தோற்றுப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? முறத்தை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேரனை மடிக்கு இழுத்தார்.

"நான் அப்பவே சொல்லல? அச்சு அசல் நம்ம ரத்தம்!"

"அப்ப கல்யாணம்?" என்றாள் நாகலெட்சுமி.

"அந்த வீட்டு மேல என்ன கொறயக் கண்ட? நடக்கட்டும்."

நிச்சயத்துக்கு நாகலெட்சுமி அந்தச் சிவப்புச் சேலையையே கட்டிக்கொண்டாள். பச்சை அவளுக்கு எடுப்பாக இருப்பதாக அப்பா பூரித்துப்போனார்.

நீங்கள் இப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. உங்கள் பிள்ளையின் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது? அடடா, உடனே வாழ்க்கைத்துணையின் பக்கம் விரல் நீள்கிறதே! அது இருக்கட்டும், உங்கள் பிள்ளையும் அதே விரலை அதேமாதிரி நீட்டுகிறதே, கவனித்தீர்களா?