மைக் முன்னால் என் ஈறு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்கள் அபார்ட்மெண்ட் குழந்தைகளுக்கு எப்படிப் பல் துலக்குவது என்று செய்து காட்ட வேண்டும்.

தெலுங்கு பேசும் குகட்பள்ளியில் இருக்கும் எங்கள் அபார்ட்மெண்ட்டில் இலவசப் பல் முகாம். பக்கத்துத் தெரு கிளினிக்கிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறார். செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றதும் அசோசியேஷன் செக்ரட்டரி சுப்பாராவ் யோசிக்கவே இல்லையாம். என் பேரைச் சொல்லிவிட்டார்.

காரணம் இருக்கிறது. அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் ஆரோக்கியத் துறை என் வசம். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். உப்பைக் குறையுங்கள். லிஃப்டைத் தவிருங்கள். பிரஷ்ஷை ஈறுக்குச் சாய்வாகப் பிடியுங்கள், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்க்காதீர்கள். தினமும் காலையில் ஒரு கட்டுரை. கடைசி வரி மட்டும் மாறாது: 'இந்த வயதிலும் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவன் சொல்கிறேன்.'

அந்தக் கடைசி வரியில் ஒரு சிறு பிழை உண்டு. கட்டுரையை அனுப்பிய கையோடு பிபி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

பொய் என்று சொல்லாதீர்கள். அனுப்பும்போது அது உண்மைதான். மாத்திரை அதற்கு அப்புறம்தானே!

இது என் மனைவி கோமதிக்கு மட்டும் தெரியும். திருநெல்வேலிக்காரி. சில மாதங்களுக்கு முன்பே அவள் சொன்னாள்.

"ஏங்க, உங்க பல்லு சின்னதாகிட்டே போகுதே, கவனிச்சீகளா?"

"வளர்ந்த மனிதனுக்குப் பல் சிறுக்காது கோமதி. வெளிச்சம் விழும் கோணம் அப்படி."

"கோணமா? அப்ப ஈறு மட்டும் எதுக்குப் பல்லு மேல இறங்கி வருது?"

கண்ணாடியில் பார்த்தேன். முன்பற்களுக்கு நடுவே ஈறு குட்டிக் குட்டியாகத் தடித்து இறங்கியிருந்தது. வயதானால் காது வளரும், மூக்கு வளரும் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஈறும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

முகாம் நாள். கார் நிறுத்தும் கீழ்த்தளமான செல்லாரில் கார்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் குழந்தைகள், பின்னால் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. சுப்பாராவ் மைக்கில், "மன ஹெல்த் மினிஸ்டர்காரு!" என்று என்னை அழைத்தார், நம்ம ஹெல்த் மினிஸ்டராம். கைதட்டல்.

டாக்டரம்மா ஒரு பெரிய பிளாஸ்டிக் பல்செட் கொண்டுவந்திருந்தார். அதை வைத்தே நான் செய்து காட்டியிருக்கலாம். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"பொம்மைப் பல்லைக் காட்டினால் குழந்தைகள் நம்பமாட்டார்கள் டாக்டர். என் வாயிலேயே காட்டுகிறேன்" என்றேன்.

டாக்டர் ஒரு கையில் டார்ச், மறு கையில் மைக்கோடு கிட்டே வந்தார். "நோரு தெரவண்டி அங்கிள்."

திறந்தேன். வாயை அகலமாகத் திறந்தேன்.

டாக்டர் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "பிள்ளைங்களா, எல்லாரும் கிட்ட வாங்க!" என்றார் மைக்கில். (அவரும் சுப்பாராவும் பேசியது தெலுங்கும் இங்கிலீஷும். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். அவமானம் எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் புரிகிறது.)

முன்மாதிரியாகக் காட்டப்போகிறார் என்று நினைத்து வாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

"ஒழுங்கா பிரஷ் பண்ணலைன்னா ஈறு எப்படி ஆகும், பாத்தீங்களா?"

செல்லார் முழுக்க "ஓஓஓ" என்றது.

நாலாவது மாடித் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஐந்தாறு வயது. தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். அவள் திரும்பி அம்மாவைக் கேட்டாள். "அங்கிள் ப்ரஷ் செய்யரா?"

"ஷ்ஷ்... பண்ணுவாங்கடி."

"மரி எந்துக்கு அலா உந்தி?" அப்புறம் ஏன் அப்படி இருக்கிறதாம்!

கேள்வி நியாயமானது. பதில் சொல்லத்தான் முயன்றேன். டார்ச்சைப் பையில் செருகிவிட்டு டாக்டர் ஒரு குட்டிப் பல் கண்ணாடியை வாய்க்குள் விட்டிருந்ததால், "ஆ... நா... ஆளு" என்றுதான் வந்தது. அதுவும் மைக்கில் வந்தது.

கண்ணாடியை எடுத்ததும், "டாக்டர், நான் இரண்டு வேளையும் துலக்குபவன். சாய்வாகப் பிடித்து!" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அங்கிள்."

ஆனாலும் நல்ல டாக்டர். மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். "அழுக்கு அவ்வளவா இல்லையே... ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? பிபிக்கு? வலிப்புக்கு? சில மாத்திரைக்குச் சிலருக்கு ஈறு இப்படி வளரும்."

மைக்கை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் நான் சுத்தமான புளுகன். இல்லை என்றால் உண்மை பேசும் அழுக்கன். கோமதியைப் பார்த்தேன். அவள் கன்னத்தில் கைவைத்து, டிவி பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுப்பாராவ் முந்திக்கொண்டார். "மாத்திரையா? சார் ஒண்ணுகூடத் தொடமாட்டார் மேடம்! டெய்லி எங்களுக்கு எழுதுவார்!"

ஆண்கள் வரிசையிலிருந்து, "ஹவ், ஹவ்!" என்று ஆமோதிப்பு.

"இல்லை டாக்டர்" என்றேன். அழுக்கனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

"அப்ப தேய்க்கறதுலதான் கோளாறு. கிளினிக்குக்கு வாங்க, அதிகமா வளர்ந்த ஈறை வெட்டிடலாம். அதுக்குள்ள சரியாத் தேய்க்கக் கத்துக்கோங்க." சொல்லிவிட்டு, கேள்வி கேட்ட அந்தச் சிறுமியை அழைத்தார். "நீ அங்கிளுக்குச் சொல்லிக்கொடும்மா."

அவள் என் கையில் பெரிய பிரஷ்ஷைக் கொடுத்தாள். பிளாஸ்டிக் பல்லில் தேய்த்தேன்.

"நக்கோ அங்கிள், நக்கோ! அலா காது!" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினாள். வேண்டாமாம், அப்படி இல்லையாம், சாய்வாகப் பிடிக்க வேண்டுமாம். எனக்கு!

எல்லா போனும் படம் பிடித்தன. குழந்தைகளுக்கு வைத்திருந்த பரிசிலிருந்து கரடி பொம்மை போட்ட பிரஷ் ஒன்றையும் ஸ்ட்ராபெர்ரி பேஸ்டையும் சுப்பாராவ் எனக்கு வழங்கினார். "புதன்கிழமை ஈறு வெட்ட நானே சாரைக் கூட்டிட்டு வர்றேன் மேடம்" என்று மைக்கில் அறிவித்தார்.

வெட்ட என்ற சொல் செல்லாரில் எதிரொலித்தது. என் நாக்கு தானாகப் போய் ஈறைத் தடவிப் பார்த்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கோமதி எழுந்தாள். அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரு வார்த்தை பேசியறியாதவள், நேராக வந்து சுப்பாராவ் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"டாக்டரம்மா, இவுக பல்லு நல்லாத்தான் தேய்ப்பாக. பாதி நாளு பாத்ரூம்ல அதான் சோலி. ஆனா தெனமும் பிபி மாத்திரை போடுதாக. அம்லோடிபின். வருசக்கணக்கா. வெட்டுததுக்கு முன்னாடி அதையும் கேட்டுக்கிடுங்க. இவுக மானம் போனாப் போகட்டும், ஈறு இருக்கட்டும்."

திருநெல்வேலித் தமிழ் புரிந்ததோ இல்லையோ, பிபியும் அம்லோடிபினும் டாக்டருக்குப் புரிந்துவிட்டன. என்னைப் பார்த்தார். "அங்கிள்! நான் அதைத்தானே கேட்டேன்?"

"மாத்திரை போடுவதால் எனக்கு பிபி இல்லை. பிபியே இல்லாதபோது பிபிக்கு மாத்திரை என்று எப்படிச் சொல்வது?" என்றேன். தர்க்கம் சரியாக இருந்தும் சிறுமிகூட ஒப்புக்கொள்ளவில்லை.

"உங்க பிபி டாக்டரைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"மாத்திரை எழுதிக்கொடுத்த அன்று." அதற்கப்புறம் காலி அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டுவேன், கொடுப்பார்கள். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவன் நான். அந்த மாத்திரையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை. தேடினால், சாப்பிடுகிறேன் என்று எனக்கே தெரிந்துவிடுமே!

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "நீங்களா நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. உங்க டாக்டரைப் பாத்து, வேற மாத்திரைக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க. இங்க வந்து பல்லை க்ளீன் பண்ணிக்கோங்க. பலருக்கு அதிலேயே ஈறு குறையும். குறையலைன்னா அப்புறம் வெட்டறதைப் பத்திப் பேசலாம்."

பெரிய சிரிப்பு வெடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், அதுவரை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் வரிசை, ஒருவர் விடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் லிஃப்டில் ஏறினேன். இனி தவிர்த்து என்ன ஆகப்போகிறது. கதவு மூடும்போது சுப்பாராவ் ஓடிவந்து நுழைந்தார். கேமராவைப் பார்த்தார். அதற்கு முதுகைக் காட்டி நின்றார். மேலுதட்டை விரலால் தூக்கினார்.

"சார்... இதி கூடா அதேனா?" இதுவும் அதுதானா என்று கேட்கிறார்.

"நீங்கள் தினமும் யோகா செய்கிறவராயிற்றே?"

"யோகா சேஸ்தானு சார்" என்றார் பரிதாபமாக. "டேப்லெட் கூடா வேஸ்கொண்டானு." மாத்திரையும் போட்டுக்கொள்கிறாராம்.

என் டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொடுத்துவிட்டார். ஈறு மெல்ல மேலே ஏறுகிறது. காலைக் கட்டுரையும் தொடர்கிறது, கடைசி வரி இல்லாமல்.

எங்கள் லிஃப்டில் இப்போதெல்லாம் என்னைப் பார்த்து யாரும் குட்மார்னிங் சொல்வதில்லை, உதட்டைத் தூக்குகிறார்கள்.