பேய்களுக்குச் சிவப்பு அட்டை கட்டியவர்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் உள்ள அத்தனை கம்பெனிகளையும் சலித்துப் பார்த்தாலும், பேய் என்றால் கோபப்படுகிற மனிதர் ஒருவர்தான் தேறுவார். மற்றவர்கள் பயப்படுவார்கள், அல்லது சிரிப்பார்கள். இவர் சண்டைக்குப் போவார். அவர் பெயர் ரிஜெக்ட். அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

போன மாதம் நான்கு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டில் பேய், ஒன்றில் சரித்திரம், நான்காவதில் சரித்திரத்துக்குள்ளேயே பேய். அத்தனை பேயும் இளவரசி. அத்தனை இளவரசியும் அழகி. ஒரு பேய்க்குக்கூட முதுகு வலித்ததில்லை, உள்ளங்கை காய்த்ததில்லை. நான்காவதை முடித்த ஆத்திரத்தில் சுவரில் வீசக் கையை ஓங்கினேன். வாடகை வீட்டுச் சுவர் என்பதால் கை அப்படியே நின்றது. நின்ற கையோடு அவரை நினைத்துக்கொண்டேன்.

பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில்; எழுதுகிறவன் என்பதால் அவருக்கு நான் 'கவிஞர்'. அவர் தரப் பரிசோதனையில். நல்ல பாகத்துக்குப் பச்சை அட்டை, திருத்தக்கூடியதற்கு மஞ்சள், உதவாததற்குச் சிவப்பு. இருபது வருடம் அட்டை கட்டிய கை, வேலை முடிந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. கேன்டீன் மூலையில் ஒரு புத்தக அலமாரி உண்டு. தெற்கத்திப் பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுவந்து போட்ட நாவல்கள். பாதி பேய், பாதி ராஜா. ரிஜெக்ட் ஒன்று விடாமல் படித்தார். கம்பெனி பஸ்ஸில் அவர் பிள்ளைப்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தால் பக்கத்து சீட் காலியாகிவிடும். "யோவ்... யோவ்..." என்று பக்கத்துக்குப் பக்கம் உறுமுவார். டிரைவர் தன்னைத்தான் திட்டுகிறார் என்று இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார்.

"இன்னா கவிஞரே இது? செவுத்துல பூந்து வர்ற பேயி, பீரோவ மட்டும் சாவி போட்டுத் தொறக்குது! இன்னா கணக்கு இது?"

"அண்ணே, அது கற்பனை."

"கற்பனைன்னா அளவு வாணாமா? முந்நூறு வருசமா ஊஞ்சல்ல ஆடிக்கினு கீறா. சங்கிலி தேயாது? யாரு கிரீஸ் வெச்சா?"

சரித்திர நாவல்களும் தப்பவில்லை. ஒற்றன் ஒருவன் ஒரே ராத்திரியில் காஞ்சியிலிருந்து கடற்கரைக்குக் குதிரையை விரட்டிய புத்தகத்தைப் படித்துவிட்டு மறுநாள் என் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கே வந்துவிட்டார். "குதுர ஒரு வாய் தண்ணி குடிக்கல கவிஞரே! வல்லக்கோட்டைக்குப் போறதுக்குள்ள என் வண்டியே ரெண்டு தபா மூச்சு வாங்கி நின்னுடுது. அது உசுரு இல்லியா?"

புத்தகத்தைத் திரும்ப வைக்கும்போது அதன் முதுகில் சிவப்பு அட்டை தொங்கும். 'குறை: பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. பேய்க்குப் பசி உண்டா இல்லையா என்று முடிவாகவில்லை.' கீழே கையெழுத்து.

ஒரு வருடம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டர்கள் வந்தார்கள். சாப்பிடப் போன இடத்தில் அவர்கள் கண்ணில் சிவப்பு அட்டைகள் பட்டன. சிவப்பு அட்டை கட்டிய பொருள் எதுவானாலும் பூட்டிய கூண்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது விதி. கம்பெனிக்குள் கைக்கெட்டுகிற இடத்தில் இத்தனை ரிஜெக்ட் எப்படி என்று அவர்கள் கேட்டதும், எங்கள் மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. 'புத்தகம் பாகமில்லை' என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் எட்டு நாவல்களும் உடைந்த பாகங்களோடு கூண்டுக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. ஆடிட்டர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

லைனில் நின்ற திருநெல்வேலிப் பையன்தான் வாய்விட்டுப் புலம்பினான். "அண்ணாச்சி, அந்தப் பேய் யாருன்னு கடைசி ரெண்டு பக்கத்துல இருக்கு. அதுக்குள்ள கூண்டுல போட்டுட்டாவளே! இனி எப்படித் தூங்க?"

இப்படிப்பட்டவரிடம் போய் நான் என் நாவலைக் கொடுத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

மூன்று வருடம் எழுதிய நாவல் அது. பழைய காலத்து ஏரி ஒன்று. கரை ஓயாமல் உடைகிறது. கரை நிற்க வேண்டும் என்று இளவரசி நீரில் இறங்கி உயிரை விடுகிறாள். ஏரியைத் தூர்த்துக் கம்பெனி எழுந்தபோது பேயாக வருகிறாள். சென்னையில் ஒரு பதிப்பாளர் போடுவதாகச் சொல்லியிருந்தார். தலை நரைத்த பிறகு வரப்போகிற முதல் நாவல். அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு வாய் 'நல்லா கீது' என்று சொல்லிக் கேட்க வேண்டும் எனக்கு.

ஒரு வாரம் கழித்து, காலை ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நின்றோம். நாவல் கட்டு என் கைக்குத் திரும்பி வந்தது. சிவப்பு அட்டையோடு.

எனக்குக் காது சுட்டது. "என்ன குறைன்னு சொல்லுங்க."

"ஒய்-ஒய் போடலாமா?"

எங்கள் பக்கத்தில் அது ஒரு சடங்கு. எங்கே எது கெட்டாலும் ஒரு படிவத்தை எடுத்து ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் எழுதுவதுதான் மூல காரணம்.

"எளவரசி ஏன் பேயா வந்தா?"

"தண்ணியில இறங்கிச் செத்ததால."

"ஏன் எறங்கினா?"

"கரை நிக்கணும்னு."

"ஏன் நிக்கல?"

"மதகுப் பக்கம் உடைஞ்சுகிட்டே இருந்துச்சு."

"ஏன் ஒடஞ்சிது?"

"மண்ணை இடிச்சுக் கெட்டிப்படுத்தல."

"ஏன் கெட்டிப்படுத்தல?"

"மண்ணு சுமந்தவங்க கவனக்குறைவுண்ணே. எண்பத்தேழாம் பக்கத்துலயே இருக்கே."

கையிலிருந்த கிளாஸைத் தரையில் அடித்தார். டீக்கடைக்காரர் "சார், கிளாஸு!" என்று அலறினார்.

"மழக்கி முன்ன முடிக்கச் சொல்லி ராஜா நெருக்குனான்னு எழுத மாட்ட! ஈர மண்ண அள்ளிப் போட சொன்னான்னு எழுத மாட்ட! தூக்கினவன் தலையில கட்டிடுவ! நீயும் ஏசி ரூமு ஆளுதாம்பா. கவிஞனாம், கவிஞன்!"

நானும் விடவில்லை. "பேய்க்கதைக்கு ஒய்-ஒய் போடுற ஒரே ஆளு நீதான்யா! போய் உன் பிரேக்கைத் தடவிப் பாரு, போ!"

இரண்டு மாதம் பேச்சில்லை. கையுறை வேண்டுமானால் சீட்டில் எழுதி அனுப்புவார். நான் அதே சீட்டில் 'இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். என் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையக் கையுறை இருந்தது. நாவலையும் அனுப்பவில்லை. எடுக்கும்போதெல்லாம் எண்பத்தேழாம் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. அதற்காகவும் அந்த ஆளைச் சபித்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலில் வந்து நின்றார். கையில் சீட்டு இல்லை.

"கனின்னு ஒரு பையன் இருந்தான், கவிஞரே. நீ வர்றதுக்கு முன்ன. சேர்மக்கனி. தூத்துக்குடிப் பக்கம். பிரஸ் மெஷின்ல இருந்தான்."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"கை உள்ள போனா மெஷின நிறுத்தற சென்சாரு ஒண்ணு கீது. அது அடிக்கடி நிறுத்துது, சரக்கு கொறையுதுன்னு அதக் கட்டிப்போட்டு ஓட்டச் சொன்னாங்க. கை மட்டும் போவல. ஆளே போயிட்டான். ஒய்-ஒய் நான்தான் போட்டேன். நாலு கட்டம் உள்ளத உள்ளபடி எழுதினேன். அஞ்சாவதுக்கு மேனேஜர் சொன்னாரு, ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதுப்பான்னு. எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

"அன்னியிலேர்ந்து தெனம் லஞ்சுல அந்த மெஷினாண்ட போயி நிக்கிறேன். வந்து ஏண்ணே அப்படி எழுதினீங்கன்னு கேட்டான்னா பதில் சொல்லணும். பதினோரு வருசமா வர்லியே அவன்! உங்க கதையில இன்னாடான்னா, காரணமே இல்லாத பேயெல்லாம் பூ வெச்சிக்கினு நோவாம வந்துட்டுப் போவுது."

அவர் போன பிறகும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. அந்த மேனேஜர் மேல், அந்த ஐந்தாவது கட்டத்தின் மேல், எண்பத்தேழாம் பக்கத்தைக் கூசாமல் எழுதிய என் விரல்கள் மேல்.

இளவரசியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாவலை முதலிலிருந்து எழுதினேன். இப்போது கரையில் மண் சுமக்கிற பையன்தான் பேயாக வரப்போகிறவன். பேர் கனி. எழுத எழுத அவருக்குக் கொடுத்தேன். சிவப்பு அட்டை வரவில்லை, பச்சையும் வரவில்லை. கேள்விகள் வந்தன. "பையன் காலையில இன்னா துன்றான்? ரெண்டு வேளையும் கூழுதானா? ஒரு கருவாடு குடேன்யா." கொடுத்தேன். "தலைச்சும்மாடு கிழிஞ்சுபோச்சின்னு எழுதிக்கீறியே, வேற குடுத்தாங்களா இல்லியா?" கொடுக்கவைத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மனுஷன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் மீதியிருந்தபோது அவர் ஓய்வு பெற்றார். அதை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கத்துக்கே போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாள்களை வாங்கினார். பிரிக்கவில்லை.

"இதுல கரை ஒடையுதா?"

"உடையுதுண்ணே."

"அப்ப பையன் கரை மேலயா கீறான்?"

"ஆமா."

தாள்களை என் மடியில் திருப்பி வைத்தார். இருபது வருடம் எந்தப் பாகத்தையும் பாதியில் விடாத மனிதர். "இப்ப வாணாம்பா. இன்னும் கொஞ்ச நாள் சாப்ட்டுக்கினு, வேல செஞ்சிக்கினு இருக்கட்டும்."

எரிச்சலோடுதான் பஸ் ஏறினேன். பேய்க்கதை, பேயே வராமல் எப்படி முடியும்? ஒரு மனிதர் படிக்க மாட்டேன் என்றதற்காக என் மூன்று வருடமும், அதற்கு மேல் ஒரு வருடமும் அந்தரத்தில் தொங்குவதா?

நேற்றும் பதிப்பாளர் போனில் கேட்டார். கடைசி அத்தியாயம் வரவில்லை, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எழுதி முடித்து எட்டு மாதமாகிறது.